நாட்டுக்கோழிக்குக் காயம்: எதைக் கண்டால் என்ன செய்வது

காயம்பட்ட கோழியைக் கையில் எடுத்ததும் அடுக்களைக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவைத் தேடுவது நம் சேலம் பக்கத்து வழக்கம். மஞ்சள் நல்ல பொருள்தான். ஆனால் புண்ணைக் கழுவாமல், இறகை விலக்கிப் பார்க்காமல் அப்பிய மஞ்சள், உள்ளே இருப்பதை மூடிவிடும். பூனைப்பல் இறங்கிய துளை, ஈ வைத்த முட்டை, கிழிந்த தீனிப்பை எல்லாம் அதற்கடியில் மறைந்து கிடக்கும். காட்டுக்கொட்டாயில் மேயும் கோழியானாலும் ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டுக் கோழியானாலும் இதே கதைதான்: முதுகுத்தோல் கிழிந்து தொங்கிய பெட்டை பிழைத்துக்கொள்ளும், ஒரு சொட்டு ரத்தம் மட்டும் தெரிந்த கோழி மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். காயத்தின் அளவை நம்பாதீர்கள். எங்கே பட்டது, எதனால் பட்டது, பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று பாருங்கள்.

கண்ணில் படும் அறிகுறியை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் கோழிக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

## எந்தக் காயமானாலும் முதல் அரைமணி நேரம்

முதல் வேலை பிரித்து வைப்பது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தாமல் விடாது. கூடவே வளர்ந்தது, ஒரே அடையில் பொரித்தது என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. சிறு கீறலைக்கூட ஒரு மணி நேரத்தில் குழியாக்கிவிடும். பஞ்சாரத்துக்குள் விட்டு மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்குங்கள். இருட்டில் கோழி அடங்கும், அதிர்ச்சி குறையும். மலைமேல் மார்கழி, தைப் பனியில் என்றால் அடுப்பங்கரை ஓரமாக வையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சாக்கு போட்டு மூடினால் காயத்துக்கு முன்னால் வெக்கையே கொன்றுவிடும். மரநிழலில், காற்று வருகிற பக்கமாக வையுங்கள்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான பருத்தித் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கும்போதெல்லாம் உறைந்தது பிய்ந்து மறுபடி வழியும். ஒன்றரைக் கிலோ பெட்டையின் உடம்பில் மொத்த ரத்தமே நூறு மில்லிக்குச் சற்று மேல்தான். நமக்குக் கொஞ்சமாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு.

பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். பழைய துண்டில் தளர்வாகச் சுற்றி, தலையை மூடி, ஒருவர் மடியில் வைத்துக்கொண்டால் இன்னொருவர் நிதானமாக வேலை பார்க்கலாம்.

பிறகு கழுவுதல். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, தலைதட்டிப் போடுங்கள். ஊசி மாட்டாத பெரிய சிரிஞ்சில் எடுத்துப் புண்ணுக்குள் பீச்சியடித்து, மண், எச்சம், இறகுத்துண்டு எல்லாம் வெளியே வரும்வரை கழுவ வேண்டும். புண்ணைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரியால் வெட்டுங்கள். கோழித்தோல் காகிதம்போல் மெல்லியது, பிடுங்கினால் தோலும் சேர்ந்து கிழியும். கழுவிய பின் பொவிடோன் அயோடினை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பால் கலக்காத டீ நிறத்தில் ஊற்றுங்கள். பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றுவது புதிதாக வளரும் சதையைச் சுட்டுவிடும். நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான், தினமும் போட்டால் புண் ஆறவே ஆறாது.

புண்ணில் வைக்கவே கூடாதவை: மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, டர்பன்டைன், பூச்சி உருண்டைத் தூள். மாட்டுக்கு அடிக்கிற புண் ஸ்ப்ரேயைக் கோழிக்கும் அடிக்கும் முன் லேபிளைப் படியுங்கள், டர்பன்டைன் சேர்ந்திருந்தால் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் என்று ‘கெய்ன்’ முடிகிற மருந்துகள் இருக்கும். அளவு கொஞ்சம் கூடினாலும் பறவை உடம்பு தாங்காது. வலிக்கு நாம் போடும் டைக்ளோஃபினாக் பக்கமே போகாதீர்கள். பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்டக் கூண்டோடு அழித்ததால் 2006-ல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது.

## உடம்பில் சின்னத் துளை, இறகு ஈரம், கோழி சோர்ந்து நிற்கிறது

இதைத்தான் மிகவும் அலட்சியமாக விடுகிறோம். இதைத்தான் மிகவும் அஞ்ச வேண்டும். நாய், பூனை, கீரி, மரநாய் ஏதோ ஒன்று வாயில் கவ்வி, கத்தல் கேட்டு விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட ஓரத்து வீடுகளில் மரநாயும் காட்டுப்பூனையும் ராத்திரி வரும். கீழே ஊருக்குள் தெருநாயும் வீட்டுப்பூனையும்.

பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இயல்பாகவே குடியிருக்கிறது. கோழிக் காலராவை உண்டாக்கும் கிருமியும் இதே இனம்தான். ஊசிபோன்ற பல் இறங்கிய துளை வெளியே உடனே மூடிக்கொள்ளும், உள்ளே கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். பூனை கவ்விய கோழி தீனி எடுக்கிறது, நடக்கிறது, ஆகவே தப்பித்தது என்று நினைத்து விட்டுவிட்டால், ஓரிரண்டு நாளில் தலை தொங்கிச் செத்துப்போகும். பூனைக்கடி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்ற பேச்சு இந்த ஒரு காயத்துக்கு ஆகாது.

துளை ஒன்று தெரிந்தால் இன்னொன்றும் இருக்கும், ஏனென்றால் பல் இரண்டு பக்கமும் இறங்கும். முதுகில் பார்த்தால் வயிற்றுப் பக்கத்தையும் இறகை ஊதி ஊதிப் பாருங்கள். துளையைத் தைக்கவோ, பசை போட்டு ஒட்டவோ, களிம்பால் அடைக்கவோ வேண்டாம். கழுவி, அயோடின் விட்டு, திறந்தே விடுங்கள்.

நாய் கடித்த கோழியால் வெறிநோய் வருமோ என்று பலர் கேட்கிறார்கள். வெறிநோய் பாலூட்டிகளின் நோய், கோழியிடமிருந்து பரவும் என்ற பயம் வேண்டாம். ஆனால் இறகில் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும்போது கையுறை போடுங்கள். நாய் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கும்போது உங்கள் கையில் பல்லோ நகமோ பட்டிருந்தால், கோழியைக் கீழே வைத்துவிட்டு முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

## நாற்றம் வருகிறது, புண்ணுக்குள் ஏதோ நெளிகிறது

புழு வைத்துவிட்டது. நம் வெயிலில் ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும். மாம்பழமும் பலாவும் கீழே விழுந்து அழுகும் மாதங்களில் இன்னும் கவனம் தேவை. எச்சவாயைச் சுற்றி இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கும் கோழிக்குக் காயமே இல்லாமல்கூடப் புழு வைக்கும். அதனால் கோழி வாலைத் தாழ்த்திக்கொண்டு மூலையில் நின்றால் அடியில் புரட்டிப் பாருங்கள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்தான் முதல் மருந்து. கோழியின் பின்பக்கத்தை ஒரு குண்டானில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால் புழு மூச்சுக்கு மேலே வரும். நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். தோலுக்கடியில் சந்து பிடித்துப் போயிருக்கும் புழுவுக்கு சிரிஞ்சில் பீச்சி அடிக்க வேண்டும். எல்லாம் போயிற்று என்று தோன்றினாலும் சாயங்காலம் மறுபடி பாருங்கள், காலையில் மறுபடி. முட்டை பொரித்துப் புதிது வரும். கழுவிய கோழியை ஈரத்தோடு விடாமல் துவட்டி, வெயிலிலோ வெதுவெதுப்பிலோ காயவைப்பது மலைப்பக்கத்தில் மிக முக்கியம்.

மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பது நம் மாவட்டத்துக் கரட்டோரங்களில் பழகிய வைத்தியம். இலை விழுதை மெல்லிசாக வைக்கலாம். விதையை மட்டும் தொடாதீர்கள், அதன் தூள் பட்டால் கண் கெட்டுவிடும், கோழிக்கும் உங்களுக்கும். புழு முழுவதும் போன பிறகு, புண்ணின் விளிம்பைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. மஞ்சளுக்கும் வேலை இந்த நேரத்தில்தான், கழுவிப் பார்த்துச் சுத்தமான புண்ணின் மேல்.

## முதுகு வழுக்கை, இறக்கைக்கடியில் நீளமான கிழிசல்

சேவலின் வேலை. மேலே ஏறும்போது கால்முள் பெட்டையின் விலாவைக் கிழிக்கும். இறக்கை மூடியிருப்பதால் வெளியே தெரியாது. முதுகு இறகு உதிர்ந்த பெட்டை ஒன்று கண்ணில் பட்டால் எல்லாப் பெட்டைகளின் இறக்கையையும் தூக்கிப் பாருங்கள். கிழிசல் அப்போதுதான் பட்டது, சுத்தமாக இருக்கிறது என்றால் மருத்துவர் இரண்டு தையல் போட்டுவிடுவார். நாள்பட்டதைத் தைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், அயோடின், இருட்டு, நல்ல தீனி இருந்தால் கீழிருந்து சதை வளர்ந்து தானே மூடும். கோழித்தோலுக்கு இந்த வளர்கிற சக்தி அதிகம். பார்ப்பதற்குக் கோரமாக இருக்கிறது என்று அறுத்துவிட அவசரப்பட வேண்டாம்.

சேவலுக்கு முள் நுனியை மட்டும் நகவெட்டியால் மழுக்கி அரத்தால் தேய்த்துவிடுங்கள். அடிவரை வெட்டினால் உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, ரத்தம் கொட்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் வைத்துக்கொண்டு மருந்து தடவிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

## கொண்டையில், தாடியில் ரத்தம் அல்லது பொருக்கு

சண்டையில் கொண்டை கிழிந்தால் முகம் முழுக்க ரத்தமாகிப் பயமுறுத்தும். அழுத்திப் பிடித்து, படிகாரத் தூளைத் தொட்டு வைத்தால் நிற்கும். கண்ணில் படாமல் வையுங்கள்.

ரத்தமே இல்லாமல் கொண்டை, தாடி, கண் இமை என்று இறகில்லாத இடமெல்லாம் கறுப்பு மருவாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது கொத்துக்காயமல்ல, அம்மை. கொசு பரப்பும் வைரஸ். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதில்தான் கிருமி இருக்கிறது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவி, கண்ணைக் கழுவி விட்டால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உதிரும். வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சள் படலம் இருந்தால் மூச்சு அடைக்கும், உடனே மருத்துவர் வேண்டும். அம்மை வந்தபின் தடுப்பூசி அந்தக் கோழிக்கு உதவாது, ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சிலேயே போட்டுவிடுவதுதான் வழி.

## நொண்டுகிறது

பாதத்தைத் திருப்புங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

விரலிலோ கணுக்காலிலோ நூல் சுற்றியிருக்கலாம். இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் இது சர்வசாதாரணம். கழிவு நூலைக் குப்பையில் கொட்டுகிறோம், கோழி அதைத்தான் கிளறுகிறது. பாலியெஸ்டர் நூல் இறுகினால் வீங்கிய சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. விரல் ஒன்று மட்டும் பருத்து நிறம் மாறியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டுங்கள். கறுத்துக் காய்ந்துபோன விரல் திரும்பாது. அதை மருத்துவர் எடுக்கட்டும். தறிக்காரர்கள் நூல் கழிவைத் தனிச் சாக்கில் கட்டி வைத்தால் பாதிக் கால்கள் தப்பும்.

நகம் முறிந்திருக்கலாம். மாவு அல்லது படிகாரத் தூள் வைத்து அழுத்தினால் போதும்.

உள்ளங்காலில் கறுப்பு வட்டமாகப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் சீழ்க்கட்டு. கூரான சரளைக்கல், உயரமான கம்பிலிருந்து தினமும் குதிப்பது, ஈரத்தரை எல்லாம் சேர்ந்து தோலில் ஒரு வெடிப்பை உண்டாக்க, ஸ்டேஃபைலோகாக்கஸ் கிருமி நுழைந்துவிடும். நம் வெள்ளைக்கல் கரட்டோரத்துச் சரளையில் திரியும் கோழிகளுக்குக் கவனம் தேவை. மருந்துக்கடையில் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கரைத்துத் தினம் பத்து, பதினைந்து நிமிடம் காலை ஊறவைத்தால் வீக்கம் தணியும், பொருக்கு இளகும். கோழி அந்தத் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், வயிறு கழியும்.

நம் கட்டிபோலப் பிதுக்கினால் சீழ் வழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பறவைச் சீழ் பாலாடைக்கட்டி மாதிரிக் கெட்டியாகத்தான் இருக்கும். பிதுக்கினால் ஆழமாகப் போய் மூட்டு வரை எட்டும். சின்னதாக இருந்தால் ஊறவைத்து, அயோடின் விட்டு, துணி வைத்துக் கட்டி, தினமும் மாற்றினாலே கரையும். வீக்கம் கணுவுக்கு ஏறினால் அறுத்துச் சுத்தம் செய்ய மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அடையும் கம்பை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, அடியில் வைக்கோலோ கடலைத்தோலோ பரப்பாமல் காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் திரும்ப வரும்.

## குடித்த தண்ணீர் நெஞ்சு வழியே ஒழுகுகிறது

தீனிப்பை கிழிந்திருக்கிறது. பருந்து நகமோ நாய்ப்பல்லோ பட்டிருக்கும். தின்ற கம்பும் சோளமும் காயத்தில் தென்படும். தீனி, தண்ணீர் இரண்டையும் நிறுத்தி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தீனிப்பையைத் தனியாக, தோலைத் தனியாக இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும். சரியாகத் தைத்தால் நன்றாகவே பிழைக்கும்.

## தோல் பலூன்போல் உப்பி, தொட்டால் நறநறக்கிறது

காற்றறை (நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை) கிழிந்து தோலுக்கடியில் காற்று ஏறியிருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் தானே வடியும். மூச்சு வாங்கினால் மருத்துவர் ஊசியால் இறக்குவார்.

## இறக்கை தொங்குகிறது

தோல் கிழியவில்லை என்றால் இறக்கையை இயல்பாக மடித்து, உடம்போடு சேர்த்து மெல்லிய பேண்டேஜால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். நெஞ்செலும்பைப் பற்றி முதலில் சொன்னதை மறக்க வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். தோள்பக்கத்து எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் அதில் எந்தத் திரவத்தையும் ஊற்றாதீர்கள். கோழியின் மேற்கை எலும்பு உள்ளே கூடு, காற்றறையோடு இணைந்தது. ஊற்றிய தண்ணீர் மூச்சுப்பாதைக்குப் போய்விடும். ஈரத்துணியால் மூடிக் கொண்டுபோங்கள்.

## எச்சவாயில் சிவந்த சதை

முட்டையிட்டதும் சிறிது வெளியே வந்து உள்ளே போவது இயல்பு. போகாமல் நின்றால் மற்றவை கொத்திக் குடலையே உருவிவிடும், அதனால் நொடியில் பிரிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவி, சர்க்கரையையோ தேனையோ தடவி ஒரு கால்மணி நேரம் விடுங்கள், வீக்கம் வற்றும். விரலில் எண்ணெய் தொட்டு மெல்ல உள்ளே தள்ளுங்கள். சில நாள் இருட்டில் வைத்து முட்டையை நிறுத்த வேண்டும். மறுபடி மறுபடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளித்தள்ளல் இல்லாமலே பின்பக்கத்தையும் வால் அடியையும் கோழிகள் கொத்துகின்றன என்றால் கூட்டத்தையும் தீனியையும் கவனிக்க வேண்டும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும் மரவள்ளித் திப்பியையும் சோளத்தையும் மட்டும் போடும் வீடுகளில் இறகு கொத்தும் பழக்கம் வருவதில் வியப்பில்லை. திப்பியில் புரதம் அநேகமாகக் கிடையாது. பூஞ்சணம் இல்லாத கடலைப்புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், பானையில் பிடித்த கரையான், முருங்கைக்கீரை எதையாவது சேருங்கள்.

## எப்போது யாரிடம்

பூனைக்கடி, தீனிப்பைக் கிழிசல், வெளியே தெரியும் எலும்பு அல்லது குடல், பாதி நாளுக்கு மேல் தண்ணீரே குடிக்காதது: இவை வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. ஆத்தூர்ப் பக்கத்தவர்களுக்குத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே நாமக்கல் கல்லூரியும் எட்டும் தூரம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அந்த முட்டையை அவித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீரை வாயில் ஊற்றிக் குடிக்கவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், மூச்சுக்குழலில் போய்விடும். அலகு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் தானே விழுங்கும்.

## திரும்பக் கூட்டத்தில் விடுவது

புண் மூடி, சிவப்பு போய், தோல் நிறத்துக்கு வரும்வரை விடக் கூடாது. கத்தரியால் வெட்டிய இறகு அடுத்த இறகுதிர்வு வரை முளைக்காது என்பதால் மொட்டைத்தோல் தெரியும். அங்கே வேப்பெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துத் தடவி நிறத்தை மறைத்துவிடுங்கள். பல நாள் பிரிந்திருந்த கோழியை மற்றவை புதியதாகவே நடத்தும். அதனால் முதல் இரண்டு, மூன்று நாள் பஞ்சாரத்தைக் கூட்டத்துக்கு நடுவிலேயே கவிழ்த்து, பார்க்கவிட்டுத் தீனி போடுங்கள். பிறகு பொழுது இறங்கி எல்லாம் அடைந்த பின் கம்பில் ஏற்றிவிடுங்கள். விடிந்ததும் தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு, மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி இறையுங்கள். அன்று முற்பகல் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டை மட்டும் விடாமல் துரத்தினால், துரத்துகிற அந்தப் பெட்டையைப் பிடித்து நாலு நாள் பஞ்சாரத்தில் போடுங்கள்.